மச்சானோடு போட்ட கடை: வரி யாருடைய தலையில்?

கேள்வி: நானும் தங்கச்சியின் கணவரும் மாங்குளத்தில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை நடத்துகிறோம். முதல் என்னுடையது, கடையில் நிற்பது மச்சான். லாபத்தில் எனக்கு அறுபது, அவருக்கு நாற்பது என்று வாய்ப்பேச்சு. வியாபாரப் பதிவு என் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில். லாபம் என்று நான் இதுவரை ஒரு சதமும் எடுக்கவில்லை, எல்லாம் சாமானாகக் கடைக்குள்ளேயே கிடக்கிறது. எடுக்காத காசுக்கும் வரியா?

பதில்: எடுக்காத காசுக்கும்தான் தம்பி. இதைச் சொன்னால் எல்லாருக்கும் கோபம் வருகிறது, ஆனால் வரி உங்கள் சட்டைப் பையைப் பார்ப்பதில்லை, கடை என்ன உழைத்தது என்றுதான் பார்க்கும். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வரிக் கணக்கு ஆண்டு, முடியும் மார்ச் 31 அன்று கடையில் நிற்கும் சாமானை எண்ணிக் கொள்விலை போட்டு எழுத வேண்டும். வாங்கிய செலவில் இருந்து அது கழிந்துவிடும். ஆகவே தட்டில் தூசி பிடித்துக் கிடக்கும் பெல்ட்டும் பெயரிங்கும் கூட லாபக் கணக்கில் வந்து உட்காரும்.

ஆனால் உங்கள் உண்மையான தலையிடி அதுவல்ல, பதிவு உங்கள் பெயரில் மட்டும் இருப்பதுதான். 2025/26 மதிப்பீட்டு ஆண்டில் கடை 42 லட்சம் லாபம் பார்த்தது, உங்கள் இருவருக்கும் வேறு வருமானம் இல்லை என்று வையுங்கள். பங்கு பிரித்தால் உங்களுக்கு 25 லட்சத்து 20 ஆயிரம். அதில் 18 லட்சம் தனிநபர் விடுபாடு, அதாவது ஒருவருக்கு வரி இல்லாத தொகை, போக மிச்சம் 7 லட்சத்து 20 ஆயிரம், அதற்கு 6 சதவீதப்படி 43,200 ரூபா. மச்சானின் பங்கு 16 லட்சத்து 80 ஆயிரம், விடுபாட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். இப்போது இருக்கிற மாதிரி 42 லட்சமும் உங்கள் ஒருவருடையது என்றால்? வீதம் 6, 18, 24, 30 சதவீதம் என்று படிப்படியாக ஏறி, வரி 3 லட்சத்து 90 ஆயிரம் வருகிறது. மச்சானின் பங்குக்கும் சேர்த்து நீங்கள் கட்டுகிறீர்கள், அதுவும் கூடிய வீதத்தில்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது: போட்ட முதல் 1000 ரூபாவைத் தாண்டினால் பங்குடைமை, அதாவது கூட்டு வியாபார, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. இன்றைக்கு 1000 ரூபாவுக்கு உங்கள் கடையிலேயே என்ன வாங்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்தானே என்று விடாதீர்கள், தங்கச்சியின் நிம்மதிக்கும் அதுதான் நல்லது. அப்புறம் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிவில் இருவர் பெயரையும் போடுங்கள், கடையின் பெயரிலேயே ஒரு கணக்குத் திறவுங்கள்.

அடுத்தது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். கடைக்கென்று தனியாக ஒரு டின் நம்பர் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்), உங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று, ஆக மூன்று வரிக் கோப்பு, மூன்று விபரத்திரட்டு (வருடாந்த வருமானத்தைக் காட்டும் படிவம்). கடையின் விபரத்திரட்டில் லாபமும் அது பிரிந்த விதமும் போகும், அவரவர் பங்கை அவரவர் தம்முடையதில் காட்ட வேண்டும். பங்குடைமையாகக் கடை வரி கட்டியிருந்தால் அதில் உங்கள் பங்கை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

மச்சான் மாதாமாதம் சம்பளம் எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால் அதைக் கடைப் பையனின் சம்பளம் போலச் செலவில் போட்டுவிடாதீர்கள். பங்காளி எடுக்கும் சம்பளம் லாபத்தைப் பிரிக்கும் கணக்கில்தான் வரும்.

திகதிகளில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். விபரத்திரட்டுக்கு ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது என்று காசையும் அதுவரை வைத்திருப்பார்கள். காசு அதற்கு முன்னமே போக வேண்டும்: ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் நான்கு தவணை, மிச்சம் இருந்தால் செப்டெம்பர் 30க்குள்.

கேள்வி: நானும் சிநேகிதியும் நெடுங்கேணியில் மிளகாய் அரைக்கும் ஆலை நடத்துகிறோம். இந்த வருடம் நட்டம். அப்போ விபரத்திரட்டு தேவையில்லைத்தானே?

பதில்: வரிக் கோப்பு திறந்திருந்தால் கட்டாயம் போடுங்கள் பிள்ளை. நட்டத்தை அடுத்த 6 வருடங்களுக்குள் வரும் லாபத்தில் கழிக்கலாம். இந்த வருடம் காட்டாத நட்டத்தைப் பிறகு எதை வைத்துக் கேட்பீர்கள்? மோட்டர் திருத்திய பற்றுச்சீட்டையும் மின்சார பில்லையும் எறியாமல் வைத்திருங்கள்.