பையனுக்கு மார்பு வீங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறேன். வியாசர்பாடியில் இருக்கிறோம். ஐந்து மாதமாக இரண்டு மார்புக் காம்புக்கு அடியிலும் கட்டி மாதிரி இருக்கிறது. சட்டை உரசினாலே வலி. ஃபுட்பால் பிராக்டீஸில் ஒரு டீம் சட்டையைக் கழற்றிவிட்டு ஆட வேண்டும். பசங்க கிண்டல் பண்ணியதால் இரண்டு மாதமாகப் போகவில்லை. வெளியே போகும்போது மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். பிராய்லர் கோழி சாப்பிட்டதால்தான் என்கிறான் நண்பன். நான் பெண்ணாக மாறிவிடுவேனா டாக்டர்? வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதில்: மாற மாட்டாய் தம்பி. நீ ஆணாக வளர்ந்துகொண்டிருப்பதால்தான் இது வந்திருக்கிறது.

பருவ வயதில் விதைகள் பெரிதாகி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அதில் கொஞ்சத்தை உடம்பே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. உன் அப்பாவுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. உன் வயதில் கொஞ்ச காலம் இந்த இரண்டும் சரியான அளவுக்கு வராமல் ஏறி இறங்கும். அப்போது காம்புக்கு அடியில் இருக்கும் சுரப்பி தடிக்கிறது. இதற்குப் பெயர் கைனகோமாஸ்டியா. பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வரும், 13, 14 வயதில்தான் அதிகம். உன்னைக் கிண்டல் செய்தவர்களிலும் சிலருக்கு வந்து போயிருக்கும், அல்லது இனிமேல் வரும்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரு பக்கமும் வைத்து மெதுவாகக் காம்பை நோக்கிக் கொண்டு வா. நடுவில் அழிரப்பர் பதத்தில், வட்டமாக, ஐந்து ரூபாய்க் காசு போல ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. வெறும் கொழுப்பு என்றால் மெத்தென்று இருக்கும், எதுவும் தட்டுப்படாது. ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் அமுக்கிப் பார்த்தால் வலிதான் கூடும்.

பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். துணியை இன்றைக்கே அவிழ்த்துவிடு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கடியில் வேர்த்துப் படர்தாமரை வரும், ஓடும்போது மூச்சும் முட்டும். உள்ளே ஒரு காட்டன் பனியன் போதும். கோழி மேல் பழி வேண்டாம். பிராய்லர் சீக்கிரம் வளர்வது அதன் இனத்தாலும் தீவனத்தாலும்தான். ஜிம்மில் யாராவது பவுடரோ ஊசியோ கொடுத்திருந்தால் மட்டும் என்னிடம் மறைக்காதே. ஹார்மோன் கலந்த சரக்கு இதே வீக்கத்தைக் கொண்டுவரும்.

ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கெட்டியாக இருந்தால், காம்பிலிருந்து நீர் கசிந்தால், விதையில் கட்டி தெரிந்தால், விதை இன்னும் பெரிதாகவே ஆரம்பிக்கவில்லை என்றால், வீக்கம் வேகமாகப் பெருத்தால், இரண்டு வருடம் தாண்டியும் வற்றாவிட்டால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். இதில் எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடு. உனக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். காலையில் ஓ.பி.க்குப் போனால் பார்த்துவிடுவார்கள்.

தனியாகப் போகாதே. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்பாவிடம் படிக்கக் கொடு. நீ எழுதியதில் எனக்குக் கட்டியை விடக் கவலை தந்தது அந்த இரண்டு மாதம்தான். குரல் உடைவது, சட்டென்று கோபம் வருவது, காரணமில்லாமல் அழுகை முட்டுவது எல்லாம் இந்த வயதில் சேர்ந்தே வரும். அப்போது பந்தும் கூட்டாளிகளும் இல்லாமல் அறைக்குள் கிடந்தால் பாரம் இரட்டிப்பாகும். தூக்கமே இல்லை, எதுவும் பிடிக்கவில்லை என்று ஆனால் 14416-க்குப் போன் செய், அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இதைப் படிக்கும் கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். டீம் பிரிக்கச் சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். இரண்டு கலர் பனியன் வாங்கி வையுங்கள். வெட்கப்பட்டு நின்றுவிடும் பையன் காரணம் சொல்லிவிட்டுப் போக மாட்டான், ஒருநாள் வராமல் போவான், அவ்வளவுதான். தம்பி, உன் கோச்சிடம் இதை அப்பாவே பேசட்டும்.