பழைய புகையிலை விளம்பரக் கடிகாரம்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் துடைப்பது?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் நூறு வருடத்துக்கு முன் கடைகளில் மாட்டிய விளம்பரக் கடிகாரங்களில் அசலை எப்படி அறிவது? வாங்கியபின் ஓடவைப்பதும் சுத்தம் செய்வதும் எப்படி?

சாதாரணக் கடிகாரத்தில் எந்திரம்தான் உயிர். விளம்பரக் கடிகாரத்தில் அது தலைகீழ்: எழுத்தும் வண்ணமும்தான் சரக்கு. நின்றுபோன எந்திரத்தை ஓடவைக்கலாம், உதிர்ந்த எழுத்தை அசலாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் ஊசலை ஆட்டிப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பாருங்கள்.

இந்த வகையில் பெரிதும் தேடப்படுபவை பேர்ட் கடிகாரங்கள். எட்வர்ட் பேர்ட் 1890களில் நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கிலும், பிறகு இல்லினாய்ஸின் எவன்ஸ்டனிலும் இவற்றைச் செய்தார். 8 என்ற எண் வடிவம். மேல் வளையத்துக்குள் டயல், கீழ் வளையத்துக்குள் ஊசல், இரு வளையங்களிலும் புடைப்பு எழுத்தில் விளம்பரம். லூயிவில் நகரத்து ஃபின்சர் சகோதரர்களின் ‘ஜாலி டார்’ என்ற மெல்லும் புகையிலைக்காகச் செய்தது பெயர்பெற்ற ஒன்று. பிளாட்ஸ்பர்க் காலத்து வளையங்கள் காகிதக் கூழால் அச்சில் வார்த்தவை. எவன்ஸ்டனில் மரப்பெட்டிமேல் புடைப்புத் தகடு வந்தது. எந்திரம் சேத் தாமஸ் கம்பெனியுடையது. ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். பெரும்பாலானவற்றில் மணி அடிக்காது, எனவே சாவித் துளை ஒன்றுதான் இருக்கும்.

எழுத்தைச் சோதிக்கப் பத்து மடங்கு லென்சும், பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச்சும் போதும். பழைய வண்ணத்தில் முடி போன்ற வெடிப்புகள் இருக்கும். அந்த வெடிப்பு பின்னணியில் தொடங்கி எழுத்தின்மேலும் தொடர்ந்து ஓட வேண்டும். பின்னணி வெடித்திருந்து எழுத்து மட்டும் வழவழப்பாக இருந்தால், எழுத்தைப் பின்னால் யாரோ தீட்டியிருக்கிறார்கள். அடுத்து, கதவைத் திறந்து வளையத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த பிசின் நகலில் ஊசிமுனை அளவுக் காற்றுக்குமிழிகளோ கண்ணாடி இழையின் நூலோ தெரியும். முன்புறத்தில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும்.

அதைவிட அதிகம் கண்ணில் படும் ஏமாற்று வேறு. பழைய, வெறும் பெட்டிக் கடிகாரம் உண்மையானதுதான். அதன் கண்ணாடியில் புகையிலைப் பெயரைச் சேர்த்திருப்பார்கள். அந்தக் காலத்து எழுத்து கண்ணாடியின் உட்புறத்தில் இடவலம் மாற்றி எழுதப்பட்டது. பின்னாலிருந்து விளக்குப் பிடித்தால் அதில் சிறுசிறு துளைகளும் உதிர்ந்த ஓரங்களும் தெரியும். வெளிப்புறத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் ஸ்டிக்கர் ஓரமோ, லென்சில் அச்சுப் புள்ளிகளோ தெரிந்தால் விலகிவிடுங்கள். டயலில் ‘31 டே’ (ஒருமுறை சாவி கொடுத்தால் 31 நாள் ஓடும்) என்றிருந்தால் அது பெரும்பாலும் 1970களை ஒட்டி ஆசியாவிலிருந்து இறக்குமதியான அலங்காரப் பொருள். நட்சத்திரத் திருகு, அதாவது பிலிப்ஸ் ஸ்குரூ, 1930களில் வந்தது. 1890களின் பெட்டியில் அது இருந்தால் குறைந்தது அந்த இடத்தில் பின்னால் கைபட்டிருக்கிறது. எந்திரத்துக்குப் பின்னால் பயன்படாத திருகுத் துளைகள் இருந்தால் எந்திரம் மாறியிருக்கிறது. இதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. காகித டயலை இருட்டில் புற ஊதா விளக்கில் பார்த்தால் பளிச்சென்ற நீலவெள்ளையாக ஒளிரக் கூடாது. அப்படி ஒளிரவைக்கும் வெளுப்புப் பொருள் காகிதத்தில் பரவலாகச் சேர்ந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்.

பிராண்டின் வரலாறும் தேதி சொல்லும். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் பெட்டி பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறியது 1942இல். வெள்ளைச் சிகரெட் பெட்டி வரைந்த கடிகாரத்தை ‘1930’ என்று விற்றால் கேள்வி கேளுங்கள். கேமல் சிகரெட் 1913இல்தான் வந்தது.

இனி பராமரிப்பு. கடைச் சுவரில் தொங்கியவற்றின்மேல் புகைப்பிசுக்கு பழுப்பாகப் படிந்திருக்கும். காகிதக் கூழில் தண்ணீர் படவே கூடாது. ஈரம் ஏறினால் ஊதும், ஊதினால் மேலிருக்கும் வண்ணம் சிப்பிபோல் எழும்பும். மெல்லிய, உலர்ந்த தூரிகையால் எழுத்து ஓடும் திசையில் தூசியைத் தட்டுங்கள். வண்ணம் எழும்பியிருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். உப்புத்தாள் கூடாது, பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும். மரப்பெட்டியில் ஸ்பிரிட் போட்டால் அரக்கு வார்னிஷ் கரைந்து கையோடு வந்துவிடும். கண்ணாடியில் கிளீனர் தெளிப்பது மிகப் பெரிய தவறு: திரவம் சட்டத்தின் ஓரமாக உள்ளே இறங்கி எழுத்தைக் கழற்றிவிடும். துணியை லேசாக நனைத்து வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். காகித டயலைத் துடைக்காதீர்கள், கறை இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். மறுபடி வண்ணம் தீட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. பாதி எழுத்து போன அசல், முழுதாகத் தீட்டிய கடிகாரத்தைவிட மதிப்பானது.

எந்திரத்தைக் கழற்றுவதற்கு முன் ஸ்பிரிங்கின் முறுக்கை அதற்கான சாவியால் முழுதும் இறக்குங்கள். இறக்காமல் தகட்டைப் பிரித்தால் விரல் எலும்பு முறியும். எண்ணெய் பல்சக்கர அச்சுகள் தகட்டில் சுழலும் முனைகளில் மட்டும், ஊசிமுனையில் எடுத்த ஒரு துளி. பல்சக்கரப் பற்களில் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். சில மாதத்தில் பிசினாகி எந்திரத்தைப் பிடித்து நிறுத்தும்.

ஓடிச் சில நிமிடத்தில் நிற்கிறதா? பெரும்பாலும் தாளம் கோணல். டிக்கும் டாக்கும் ஒரே இடைவெளியில் கேட்க வேண்டும். பெட்டியின் இடப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் தாளம் சீராகிறது என்றால், ஊசலைத் தள்ளும் கம்பியை இடப்பக்கமாகக் கொஞ்சம் வளையுங்கள். வலப்பக்கத்துக்கும் இதே கணக்கு. தாளம் சீரானபின் நேரம் பின்தங்கினால் ஊசல் குண்டை மேலே ஏற்றுங்கள், முந்தினால் இறக்குங்கள். ஒரு நாள் விட்டுப் பார்த்து அடுத்த திருத்தம் செய்யுங்கள்.

பிற்காலத்து மின் விளம்பரக் கடிகாரங்களை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெலிகிரான் என்ற அமெரிக்க மின்கடிகாரம் போன்றவற்றின் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் கணக்கில் சுழல்வது. 230 வோல்ட்டை 120 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் மோட்டாரைக் காப்பாற்றும், ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஹெர்ட்ஸையும் மாற்றும் கருவி தேவை.

பார்சலில் வரவழைத்தால் ஊசலைக் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். மாட்டியபடியே அனுப்பினால் அதைத் தாங்கும் மெல்லிய தகடு ஒடியும், ஆடும் குண்டு கதவின் உட்புறத்தை இடித்து வண்ணத்தை உதிர்க்கும்.