கடல் தாண்டும் கேள்விகள்: எரிமலைத் தீவில் ஒரு பகல்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், வரும் பிப்ரவரியில் எங்கள் இருவரையும் கரீபியன் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போகிறான். சான் ஹுவானில் ஏறி அங்கேயே இறங்க வேண்டும். பெரிய கப்பல் இல்லை, இருநூறு பேர் போகிற சிறியது. ஒரு நாள் மொன்செராட் என்ற தீவில் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை நிற்குமாம். எரிமலை வெடித்து ஊர் புதைந்த தீவு, கடைத்தெரு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது என்கிறான். எனக்கு முழங்கால் வலி, அவருக்கு வீசிங். இறங்கலாமா, கப்பலிலேயே இருந்துவிடலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமங்கலம்)

பதில்: இறங்குங்கள் டீச்சர். அந்த வாரத்தில் நீங்கள் தொடப்போகும் தீவுகளில் தவறவிடக் கூடாதது அதுதான். நான் பயணிகள் கப்பலில் பர்சராக, அதாவது பயணிகளின் கணக்கு வழக்கைப் பார்க்கிறவராக, வேலை பார்த்த காலத்தில், "அங்கே ஒன்றுமில்லையாமே" என்று அறையிலேயே படுத்துவிடுகிறவர்களை ஒவ்வொரு சிறிய தீவிலும் பார்த்திருக்கிறேன். எனக்கு மனசு கேட்காது. நகைக்கடையும் டி-ஷர்ட் கடையும் எல்லாத் துறைமுகத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மொன்செராட் மாதிரி இன்னொன்று கிடையாது.

தீவின் பரப்பு சுமார் 102 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாநகராட்சி 148. அந்தச் சின்ன நிலத்திலும் தெற்கே பாதிக்கு மேல் யாரும் குடியிருக்கக் கூடாத பகுதி. 1995 ஜூலையில் சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை விழித்துக்கொண்டது. அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் பதினோராயிரம் பேர். இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு. தலைநகரமான பிளிமத் 1997-ல் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தது. சட்டப்படி இன்றும் தலைநகரம் அதுதான், ஆனால் அரசு அலுவலகங்கள் வடக்கே பிரேட்ஸ் என்ற ஊரில் நடக்கின்றன.

சிவப்பாக நெருப்புக் குழம்பு ஓடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அட்லாண்டிக் பக்கத்துக் கடலடிப் பாறைத் தட்டு கரீபியன் பாறைத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போவதால் உண்டான எரிமலை இது. இதன் குழம்பு கேப்பைக் களி மாதிரி கெட்டியானது, ஓடாது. வாயிலேயே குவிந்து மேடாக ஏறும். மேடு ஒரு நாள் பொறுக்காமல் சரியும்போது, சூடான வாயுவும் சாம்பலும் பாறையும் சேர்ந்து மலைச்சரிவில் காரை விட வேகமாக இறங்கும். 1997 ஜூன் 25 அன்று 19 பேர் அப்படித்தான் இறந்தார்கள். கடைசியாகப் பெரிய சரிவு 2010 பிப்ரவரியில் நடந்தது. அதற்குப் பிறகு மலை அமைதியாக இருக்கிறது, ஆனாலும் ஆவி விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காற்று திரும்பினால் கந்தக வாடை வரும்.

இனி உங்கள் முழங்கால். லிட்டில் பே துறையில் பெரும்பாலும் கப்பல் தள்ளித்தான் நங்கூரம் போடும். அங்கிருந்து சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப் போவார்கள். டெண்டர் என்பார்கள். கப்பலின் மேடை ஒரு பக்கம் ஆடும், படகு இன்னொரு பக்கம் ஆடும், அந்த ஒரு எட்டுதான் உங்களுக்குச் சிரமம். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். படகுக்காரர் உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்களும் அவர் முன்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலைப் பிடித்தால் வழுக்கும். படகு மேலே வரும்போது "இப்போது" என்பார், அப்போது காலை வையுங்கள், தயங்கி நிற்காதீர்கள். அன்றைக்கு மட்டும் புடவை வேண்டாம், சுடிதாரும் பின்பக்கம் மூடிய செருப்பும் போடுங்கள். முழங்கால் விஷயத்தை முதல் நாளே கப்பல் வரவேற்பு மேசையில் சொல்லி வைத்தால், கூட்டம் குறைந்த படகில் ஏற்றிவிடுவார்கள்.

ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பதால் பிப்ரவரி நல்ல மாதம்தான். ஆனால் குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எங்கோ அடிக்கும் காற்று, நீண்ட அலைகளை அந்தத் துறைக்குத் தள்ளிவிடும். வானம் வெளுத்திருக்கும், வெயில் அடிக்கும், படகு மட்டும் கட்ட முடியாது. கேப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமை கப்பலுக்கு உண்டு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள். அதனால் கரையில் தனியாக வண்டி பேசினால், கப்பல் நிற்காவிட்டால் பணம் இல்லை என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். கப்பலே நடத்தும் சுற்றுலாவில் அந்தக் கவலை இல்லை. அந்த வண்டி திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனி வண்டிக்குக் காத்திருக்காது. அப்படியிருந்தும் நான் உள்ளூர் டிரைவரையே சொல்வேன். தீவு சின்னது, கடைசிப் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே துறையில் இருப்பது கஷ்டமில்லை.

எங்கெல்லாம் போகலாம்? எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள். முதலில் எரிமலை ஆய்வு மையம். அதன் மேடையிலிருந்து மலை நேராகத் தெரியும். கீழே பெல்ஹாம் பள்ளத்தாக்கு, முன்பு கோல்ஃப் மைதானம், இப்போது சேறும் மணலும். அடுத்து கரிபால்டி குன்று, அங்கிருந்து புதைந்த பிளிமத்தைப் பார்க்கலாம். இரண்டுக்கும் வண்டியிலேயே போகலாம், நடை குறைவு. சாலை ஏற்ற இறக்கம், வளைவு அதிகம். மதியம் ஏதாவது ஒரு கருமணல் கடற்கரையில் உட்கார்ந்து காற்று வாங்குங்கள். போதும்.

பிளிமத்துக்குள்ளேயே போகவும் வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியோடு, போலீஸ் அனுமதி வாங்கி, மலை அமைதியாக இருக்கும் நாளில் மட்டும். சார் அதில் போக வேண்டாம். காலடியில் கிளம்பும் சாம்பல் சாதாரணத் தூசி இல்லை, நுரையீரலுக்குக் கெடுதல் செய்யும் நுண்ணிய சிலிக்கா கலந்தது. அவர் குன்றின் மேலிருந்தே பார்க்கட்டும். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், மாஸ்க்கும் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக விசா. சான் ஹுவான் அமெரிக்காவைச் சேர்ந்த புவேர்ட்டோ ரிக்கோவில் இருக்கிறது. கப்பல் வெளியே போய்த் திரும்புவதால், உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிக்கிற வகையா என்று பாருங்கள். மொன்செராட் பிரிட்டனின் கீழ் உள்ளது, குவாதலூப் பிரான்சின் பகுதி, ஆன்டிகுவா தனி நாடு. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. இந்திய பாஸ்போர்ட் என்று தெளிவாகக் குறிப்பிட்டு, கப்பல் நிறுவனத்திடம் ஈமெயிலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகன் அமெரிக்கக் குடிமகன் என்றால், அவருக்குச் சொன்ன பதிலை நம்பி நீங்கள் கிளம்பக் கூடாது.

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் மொன்செராட் பற்றி இரண்டு வரி எழுதியதைப் படித்தேன். ஜனங்கள் வீடு வாசல் இழந்த இடத்தைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது தப்பில்லையா?
(கல்லூரி மாணவி, பழங்காநத்தம்)

பதில்: நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. இதை நினைக்காமல் அந்தத் தீவில் யாரும் கால் வைக்கக் கூடாது.

நம் பக்கத்திலேயே தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் ரயில் நிலையம், தேவாலயம், தபால் ஆபீஸ் எல்லாம் போயின. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. இன்று மதுரையிலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் அந்தச் சுவர்களுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். அங்கே குடிசை போட்டு மீன்பிடிக்கிற, சங்கு பாசி விற்கிற ஜனங்களிடம் ஒரு வார்த்தை பேசுகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு வருத்தம் தருவது அதுதான். போவது தப்பில்லை, அங்கே ஆட்கள் இருப்பதையே பார்க்காமல் வருவதுதான் தப்பு.

மொன்செராட்டில் வண்டி ஓட்டுகிற நடுவயதுக்காரர் யாராக இருந்தாலும், அவர் வீடோ அவருடைய அம்மா வீடோ தெற்கே புதைந்திருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. 1989-ல் ஹியூகோ என்ற புயல் தீவின் கட்டடங்களைக் கிட்டத்தட்ட எல்லாம் நாசம் செய்தது. எழுந்து புது மருத்துவமனை, நூலகம் என்று கட்டி முடிக்கும் நேரத்தில் எரிமலை வெடித்தது. பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் மாதக்கணக்கில் தங்கினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இங்கிலாந்துக்கும் பக்கத்துத் தீவுகளுக்கும் போனார்கள். போகாமல் மிஞ்சியவர்கள் வடக்கே, அதற்கு முன் அதிகம் ஆளில்லாத மேட்டு நிலத்தில், வீடு, பள்ளி, கடை, விமான நிலையம் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்பினார்கள். பழைய விமான நிலையம் 1997-லேயே போய்விட்டது, புதியது 2005-ல் திறந்தது. வளர்ச்சியில்லாத தீவு என்று கப்பல் விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்த மக்கள் செய்த வேலை அதில் தெரிவதில்லை.

அந்த மக்கள் பயணிகளை வெறுப்பதில்லை, வரச் சொல்கிறார்கள். விருந்தாளி வந்தால்தான் வழிகாட்டிக்கும் சமையல்காரிக்கும் வருமானம். ஆகவே கப்பலிலேயே வயிறு முட்டத் தின்றுவிட்டு இறங்காதீர்கள், மதியச் சாப்பாட்டை அங்கே சாப்பிடுங்கள். வழிகாட்டியிடம் அவர் ஊர் எது என்று கேளுங்கள், சொன்னால் முழுவதும் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பாதி புதைந்த வீட்டுக்குள் கிடக்கும் தட்டு, புத்தகம், பொம்மை எதையும் ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுக்கவே கூடாது. அதற்கு உரிமையாளர் இருக்கிறார், உயிரோடும் இருக்கலாம். மார்ச் 17-ல் போக நேர்ந்தால் திருவிழாவைப் பார்க்கலாம். 1768-ல் அதே நாளில் கிளர்ந்தெழத் திட்டமிட்ட அடிமைகளை நினைத்து அன்று அங்கே விடுமுறை. குடியேறிய ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் திருநாளும் அதுவேதான்.

கேள்வி: நியூசிலாந்தில் எரிமலை பார்க்கப் போன கப்பல் பயணிகள் இறந்தார்களே, அப்படியிருக்க நீங்கள் போகச் சொல்வது எப்படி? இன்னொன்று, எங்கள் யானைமலையும் பழைய எரிமலைதான் என்கிறார்கள், உண்மையா?
(மளிகைக் கடைக்காரர், ஒத்தக்கடை)

பதில்: வக்காரி தீவைச் சொல்கிறீர்கள். 2019 டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் வந்தவர்கள். மூன்று வாரம் முன்பே நவம்பர் 18-ல் எச்சரிக்கை நிலையை ஒரு படி உயர்த்தியிருந்தார்கள், சுற்றுலா மட்டும் நிற்கவில்லை. அங்கே மக்கள் எரிமலை வாய்க்குள்ளேயே நடந்து போனார்கள். மொன்செராட்டில் நான் சொன்ன இரண்டு இடங்களும் வாயிலிருந்து தள்ளி, குடியிருப்புப் பக்கம் இருப்பவை. போகும் வாரம் ஆய்வு மையம் அறிவித்திருக்கும் அபாய நிலையைப் பாருங்கள், உயர்ந்திருந்தால் பிளிமத்தை விட்டுவிடுங்கள். சுற்றுலாவை விற்கிறவர் "பயப்படாதீங்க சார்" என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் அண்ணாச்சி.

யானைமலை எரிமலை இல்லை. அது பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, பல கோடி ஆண்டுகளில் மேல்மண் கரைந்து வெளியே வந்த, நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை. மொன்செராட்டில் என்னை விட வயது குறைந்த பாறைகள் இருக்கின்றன.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதியில்லை. நம் நாட்டில் எரிமலைத் தீவு பார்க்க முடியுமா?
(அச்சகத் தொழிலாளி, சிவகாசி)

பதில்: முடியும் தம்பி. அந்தமானில் பாரன் தீவு, போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே 135 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் நாட்டில் இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை அது ஒன்றுதான். 19-ம் நூற்றாண்டில் அடங்கிப்போய், 1991-ல் திரும்பவும் வெடித்தது. மனிதர்கள் குடியில்லை, கரையில் இறங்க விடமாட்டார்கள், கடலிலிருந்தே பார்த்துத் திரும்ப வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும் அரசுப் பயணிகள் கப்பல் சுமார் மூன்று நாள் பயணம், விமானத்தை விடச் செலவு குறைவு. பாரன் தீவுக்குப் படகு எப்போது கிடைக்கும் என்பதைச் சுற்றுலாத் துறையிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதை நம்பி மட்டும் போகாமல், அந்தமான் முழுவதையும் பார்க்கிற மாதிரி திட்டம் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அந்தத் தீவுகளில் என்ன சாப்பிடுவது? எலுமிச்சை ஊறுகாய், பழங்கள் எடுத்துக்கொண்டு இறங்கலாமா?
(குடும்பத் தலைவி, போடிநாயக்கனூர்)

பதில்: மொன்செராட்டின் பேர் பெற்ற சாப்பாடு ஆட்டுக்கறிக் குழம்பு, அது உங்களுக்கு ஆகாது. ஆனால் கரீபியன் முழுவதும் ரொட்டிக்குள் உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்துச் சுருட்டித் தருவார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் நாட்டிலிருந்து போனவர்கள் கொண்டுபோன உணவு அது. இறைச்சிக் குழம்பு சேர்க்க வேண்டாம் என்று சொல்லிக் கேளுங்கள். சீமைப்பலா, வாழைக்காய், புளி உருண்டை எல்லாம் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். உங்கள் கப்பல் குவாதலூப் தொட்டால் கட்டாயம் இறங்குங்கள். 1854 டிசம்பர் 24-ல் முதல் கப்பல் சேர்ந்ததிலிருந்து, புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஜனங்கள் ஏராளமாக அங்கே போனார்கள். இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், கப்பெஸ்தேர் ஊரில் ஷான்ஜி (Changy) கோயில் இருக்கிறது. கொத்தமல்லி, மஞ்சள், கடுகு சேர்த்து அரைத்த மசாலாவில் குழம்பு வைக்கிறார்கள், அதற்கு கொலம்போ என்று பெயர்.

ஊறுகாய் கப்பலோடு இருக்கட்டும். பழம், விதை, செடி எதையும் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். மொன்செராட்டிலும் டொமினிக்காவிலும் மட்டும் வாழ்கிற ஒரு பெரிய தவளை இனம் உண்டு, மலைக்கோழி என்றே அங்கே பெயர். வெளியிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோய் 2009-ல் மொன்செராட்டை எட்டி, அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டது. ஈர மண் வழியாகவும் அந்த நோய் பரவும். அதனால் இறங்குவதற்கு முந்தின இரவே செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துவிடுங்கள்.