கம்ப எண்ணைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் வந்தேன். அரியலூர் தாண்டியதும் படியில் உட்கார்ந்து வீடியோ எடுத்தபோது போன் நழுவி விழுந்துவிட்டது. செயினை இழுக்கச் சொல்லிக் கத்தினேன், ஒருவரும் அசையவில்லை. விருத்தாசலத்தில் புகார் கொடுத்தபோது எந்த இடம் என்றார்கள். பெண்ணாடத்துக்கு முன்னால் எங்கோ என்றுதான் சொல்ல முடிந்தது. மறைந்த அம்மாவின் படங்கள் அதில் இருந்தன. நம் ஜனங்களிடம் மனிதாபிமானமே இல்லையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் படங்கள் என்றதும் மனம் கனத்துவிட்டது. முதலில் வேறொரு போனில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து போட்டோஸில் பாருங்கள். பலருக்கு அவர்கள் அறியாமலே அங்கே பிரதி ஏறியிருக்கும். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

மனிதாபிமானத்தை விடுங்கள். அந்தப் பெட்டிக்காரர்கள் செய்ததுதான் சரி. செயினை இழுத்தால் பிரேக் குழாயின் காற்று வெளியேறி வண்டி நிற்கும்; ஆனால் விழுந்த இடத்தைவிட்டு வெகுதூரம் தாண்டித்தான். கார்டோ உதவி லோகோ பைலட்டோ இறங்கி வந்து வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பும்வரை நகராது. பின்னால் வரும் வண்டிகளும் காத்துக் கிடக்கும். தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தை பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால் இழுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். போனுக்கு இழுக்கக் கூடாது. படியில் உட்கார்ந்து வீடியோ எடுத்ததைப் பற்றி நான் வாயைத் திறந்தால் கடிதம் நீண்டுவிடும்.

எனக்கு ஆறாதது "எங்கோ" என்ற உங்கள் பதில்தான். அரியலூருக்கும் பெண்ணாடத்துக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல். எங்கே போய்த் தேடுவார்கள்? தண்டவாளத்தை ஒட்டி மின்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றனவே, ஒவ்வொன்றிலும் எண்பலகை உண்டு. மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண். இரட்டைப் பாதையில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. இரண்டு கம்பத்துக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர். வளைவில் இன்னும் நெருக்கம். மடியில் முகவரியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் விசாரிக்கிறோம்.

போன் விழுந்த கணமே கத்தாமல் கண்ணில் படும் எண்ணைப் படியுங்கள். பதறி நிதானிக்க ஐந்து விநாடி ஆகும். மணிக்கு 90 கிலோமீட்டரில் அது 125 மீட்டர், அதாவது சுமார் இரண்டு கம்பம். அவ்வளவையும் பின்னோக்கிக் கழிக்க வேண்டும். அடுத்த கிலோமீட்டர் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் தப்பான திசையில் கழித்துவிடுவீர்கள். இன்னொன்று: போன் நேர்கீழே விழாது. வண்டியின் வேகம் அதற்கும் உண்டு. இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொடுவதற்குள் முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் வண்டி போகும் திசையிலேயே 15 மீட்டருக்கு மேல் பறக்கும். பிறகு ஜல்லியில் மோதி எகிறும். ஆகவே கணக்கிட்ட இடத்திலிருந்து வண்டி போன திசையிலும் ஒரு கம்பம் வரை தேடச் சொல்லுங்கள்.

பக்கத்து ஆள் போனில் ரயில்வே உதவி எண்ணான 139ஐ அழைத்து வண்டி எண், பெட்டி, கம்ப எண், வலமா இடமா, நேரம் எல்லாம் சொல்லுங்கள். இரவானால் எண் தெரியாது; அவர் போனிலேயே மேப்பைத் திறந்து இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா சும்மா ரிங் விடாதீர்கள், சார்ஜ் போய்விடும். தினமும் தன் பங்குப் பாதையை நடந்தே பார்க்கும் கீமேன் என்று ஒருவர் இருக்கிறார், வெயிலோ மழையோ. அவர் நடந்துவரும்போது அது அடித்தால் எடுப்பார். நீங்களே தேடிப் போகாதீர்கள். பாதையில் அத்துமீறி நடப்பது 147ஆம் பிரிவில் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்யக்கூடியது: வங்கிக்கும் யுபிஐக்கும் சொல்லி முடக்குங்கள், சிம்மையும் நிறுத்திப் புதிது வாங்குங்கள். புகார் நகல், போன் வாங்கிய பில், அடையாள அட்டையோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, முடக்கலாம். போன் கையில் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிய பிறகு சிம்மைப் போடுங்கள்.