சின்னப் பெட்டி போதும், முதலில் ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிப் பாருங்கள்

கடற்கரை ஊரான உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அப்பா வைத்திருந்த இரண்டு பெரிய மர ஸ்பீக்கர்கள் வீட்டில் இருக்கின்றன, பின்னால் 8 ஓம்ஸ் என்று போட்டிருக்கிறது. பழைய அம்ப் (அம்ப்ளிஃபயர்) எரிந்துவிட்டது. வைஃபையில் பாட்டுப் போடுகிற சின்ன அம்ப் ஒன்று வாங்க யோசிக்கிறேன். அந்தச் சின்னப் பெட்டி இந்த ஸ்பீக்கரை இழுக்குமா? ரிவியையும் அப்பாவின் ரெக்கோர்ட் பிளேயரையும் அதிலேயே கொடுக்கலாமா?"

இழுக்கும் தம்பி. இப்போது வருகிற கையடக்க அம்ப்களுக்குள் இருப்பது கிளாஸ் டி சுற்று. அது பழைய அம்பைப் போல மின்சாரத்தில் பாதியைச் சூடாக்கி வீணாக்காது, அதனால்தான் சூட்டைத் தணிக்கிற பெரிய உலோகத் தகடுகள் இல்லாமலே வேலை செய்கிறது. உதாரணத்துக்கு வீம் (WiiM) கம்பனியின் அம்பை எடுங்கள், 8 ஓம்ஸில் ஒரு பக்கத்துக்கு 60 வாட் தரும். அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் பல, 1 வாட் கொடுத்தாலே ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபல் அளவுக்குச் சத்தம் போடும், அது ஆள் பேசுகிற சத்தத்தைவிட எவ்வளவோ அதிகம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும்தான். 60 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவில் 2 டெசிபல் சொச்சம்தான் வித்தியாசம், ஹோலில் ஃபேன் சுற்றும்போது அது காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

ஆனால் விலை குறைந்த பெட்டிகளில் "300 வாட்" என்று போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பி வாங்க வேண்டாம். அது உள்ளே இருக்கிற சிப்பின் உச்ச அளவு, அதுவும் 4 ஓம்ஸில், ஒலி நன்றாகச் சிதைந்த பிறகு வருவது. கூட வருகிற அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 32 வோல்ட், 5 அம்பியர் என்று இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 160 வாட். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து அதற்கு மேல் அந்தப் பெட்டியால் தொடர்ந்து கொடுக்கவே முடியாது.

சரி, எனக்குக் கவலை அம்பைப் பற்றி இல்லை, ஸ்பீக்கரைப் பற்றித்தான். முன்பக்கத் துணி வலையைக் கழற்றி, பெரிய கோனைச் சுற்றியிருக்கிற மெத்தென்ற விளிம்பை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். றப்பர் என்றால் வளைந்து திரும்ப வரும், நல்லது. ஃபோம் என்றால், கடற்கரை வீட்டில் இத்தனை வருடம் இருந்ததற்கு, தேநீரில் ஊறின பிஸ்கட் மாதிரி விரலோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடும். திருத்தக் கொண்டுவருகிற பழைய ஸ்பீக்கர்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், "அம்ப் சரியில்லை, கரகரக்கிறது" என்பார்கள், வலையைக் கழற்றினால் விளிம்பே இருக்காது. புது விளிம்பு ஒட்டிக்கொள்ளலாம், கோனை எறிந்துவிடாதீர்கள். அப்புறம் மல்டிமீற்றரை ஓம்ஸில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் பிடித்துப் பாருங்கள், 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் பெரும்பாலும் 6, 7 என்றுதான் காட்டும், அது பிழை இல்லை. 1 அல்லது 2 காட்டினால் அந்த ஸ்பீக்கரைப் புது அம்பில் கொழுவவே வேண்டாம்.

வயரிலும் ஒரு விஷயம். பழைய வீடுகளில் இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி, மூன்றே கம்பியில் இழுத்திருப்பார்கள். கிளாஸ் டி அம்ப்களில் பெரும்பாலானவற்றுக்கு இது ஆகாது, கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும், சேர்த்தால் சிப் போய்விடும். நாலு கம்பியும் தனித்தனியாக வர வேண்டும். உப்புக் காற்றில் செப்புக் கம்பியின் நுனி பச்சை பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள், இல்லாவிட்டால் வயர் நுனியில் மாட்டுகிற பனானா பிளக் போட்டுவிடுங்கள்.

ரிவிக்கு, அதன் சத்தத்தை அம்புக்கு அனுப்புகிற எச்டிஎம்ஐ ஏஆர்சி துளை போதும். சத்தம் வராவிட்டால் பயப்பட வேண்டாம், ரிவியின் ஒலி அமைப்பில் டொல்பியை விட்டு பிசிஎம் (சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள், பல சின்ன அம்ப்களுக்கு அதுதான் விளங்கும்.

ரெக்கோர்ட் பிளேயரை நேரடியாகக் கொடுக்க முடியாது. ஊசியிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட், சீடி பிளேயர் தருவது 2 வோல்ட், நானூறு மடங்கு வித்தியாசம். போதாததற்கு, தட்டில் பதியும்போதே பேஸைக் குறைத்து, கீச்சென்ற மேல் ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள், அதைத் திருப்பிச் சரிசெய்ய ஃபோனோ ப்ரீஅம்ப் என்ற தனிச் சுற்று வேண்டும். பழைய அம்பில் அது உள்ளேயே இருந்திருக்கும், புதுப் பெட்டிகள் பலவற்றில் இல்லை. தனியாக ஒன்று வாங்கி நடுவில் வைத்தால் அப்பாவின் தட்டுகள் அத்தனையும் கேட்கலாம், அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபைக்கும் புளூடூத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: புளூடூத்தில் பாட்டு போனிலிருந்து போகிறது, அழைப்பு வந்தால் நின்றுவிடும். ஸ்பொட்டிஃபை கனெக்ட் மாதிரி வழிகளில் அம்ப் தானே இணையத்திலிருந்து எடுக்கும், போன் வெறும் ரிமோட். 320 கேபிபிஎஸ் தரத்தில் மணித்தியாலத்துக்கு 144 எம்பி போகும், டேட்டா பார்த்துச் செலவழிக்கிற வீடென்றால் பாட்டுகளை யூஎஸ்பி குச்சியில் போட்டு, அதை வாசிக்கிற மொடலாகப் பார்த்து வாங்குங்கள், இணையமே தேவையில்லை. தடித்த சுவருக்கு அப்பால் ரவுட்டர் இருந்தால் வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள், முடிந்தால் ரவுட்டரிலிருந்து லேன் கேபிளே இழுத்துவிடுங்கள்.

இந்தப் பெட்டிகளின் உண்மையான குறை என்று நான் நினைப்பது ஆயுளை. உங்கள் அப்பாவின் அம்பை ஒரு சோல்டரிங் அயனும் நாலு உதிரிப்பாகமும் இருந்தால் திருத்தலாம், இதில் ஒரு பாகம் போனால் பெரும்பாலும் முழுச் சுற்றுப் பலகையையே மாற்ற வேண்டும். கம்பனி ஆப்பைக் கைவிட்டால் பாட்டுப் போடும் வசதியில் பாதி போய்விடும். அதனால் வேறு கருவியின் ஒலியை வயரால் கொடுக்கிற லைன் இன் துளையும், ஆப் இல்லாமலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அவை இருந்தால் எப்போதும் ஒரு சாதாரண அம்பாகவாவது ஓடும். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், காற்றுப் பட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, ரவுட்டரிலிருந்து வருகிற லேன் கேபிளையும் ரிவியிலிருந்து வருகிற எச்டிஎம்ஐயையும் சேர்த்தே கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.