மாங்கொட்டைக் கரி பியூயல் செல்லில் பிளாட்டினத்தைத் தாங்குமா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் குவியும் பெங்களூரா கொட்டையைக் கரியாக்கினால் கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வருகிறதே, கடையில் வாங்கும் கார்பனைவிட இது மேல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு எடுப்பாக இருக்கும். செல்லுக்குள் தாக்குப்பிடிக்காது. பியூயல் செல் என்பது ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கலம்; அதில் வினையை முடுக்கும் பிளாட்டினம் துகள்கள் கார்பன் தூளின்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

நானும் பர்கூர்க்காரன்தான், பியூயல் செல் லேபில் கை கருத்தவன். அங்கே வழக்கமாகப் பயன்படும் வல்கன் எக்ஸ்சி-72 கார்பனுக்கு கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர்தான். உங்கள் ஆயிரத்தில் பெரும்பங்கு 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகளுக்குள் இருக்கிறது. பிளாட்டினம் துகளே 2 முதல் 5 நானோமீட்டர். புரோட்டானைக் கொண்டுவரும் நாஃபியான் என்ற பாலிமரும் அந்தத் துளைக்குள் நுழையாது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கரித்தூளை ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்து, இரு பக்கமும் ஸ்டீல் போல்ட்டால் அழுத்தி, மல்டிமீட்டரை வையுங்கள். 500 டிகிரியில் சுட்ட கரிக்கு மின்தடை எங்கேயோ நிற்கும். 900 தாண்டினால் மளமளவென்று இறங்கும். சாம்பலில் உள்ள இரும்பை அமிலத்தில் கழுவி எடுக்காவிட்டால் மெம்பரேனுக்கே, அதாவது இரு மின்முனைகளையும் பிரிக்கும் சவ்வுக்கே ஆபத்து.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. உண்மையான வில்லங்கம் அரிப்பு. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது, ஆனோடு (ஹைட்ரஜன் வரும் மின்முனை) பக்கம் ஹைட்ரஜனும் காற்றும் கலந்து நிற்கும் சிறிது நேரத்தில் கேத்தோடு (காற்று வரும் மின்முனை) 1.4 வோல்ட் வரைகூட எகிறும். அப்போது கார்பன் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். ஒழுங்கற்ற கார்பன்தான் முதல் பலி. பிடிமானம் இழந்த பிளாட்டினம் துகள்கள் ஒட்டிப் பருத்துவிடும்.

கரிக்குப் பதில் கார்பன் நானோகுழாய் போட்டால், அதன் சுவர் கிராஃபைட் அடுக்கு, அதாவது ஒழுங்காக அடுக்கிய கார்பன் என்பதால் மெதுவாகத்தான் அரிக்கும். ஆனால் வழுவழுப்பு, பிளாட்டினம் உட்கார இடமில்லை. நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் இடம் கிடைக்கும், அரிப்பும் அங்கேயே தொடங்கும். இந்த இழுபறிக்குத்தான் கார்பனில் நைட்ரஜன் சேர்ப்பது போன்ற வித்தைகள்.

கொட்டை, சிரட்டைக் கரியெல்லாம் எளிதில் கிராஃபைட்டாகாத இனம். இந்த வகைப்பாட்டை 1951-ல் எழுதியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், ஆமாம், டி.என்.ஏ. படத்துக்குப் பேர்போன அதே அம்மா. இந்த இனத்தை 3000 டிகிரியில் சுட்டாலும் முழு கிராஃபைட் கிடைக்காது.

என்னைக் கேட்டால் அந்தக் கரியை, கார்பன் பரப்பில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்குத் திருப்புங்கள். அங்கே நுண்துளைதான் மூலதனம். சிரட்டைக் கரி ஏற்கெனவே விலைபோகிறது. கைடு பியூயல் செல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பரப்பளவு எண்ணுக்குப் பக்கத்திலேயே, 1 முதல் 1.5 வோல்ட் வரை 5000 சுற்று ஓட்டியபின் மிஞ்சிய பிளாட்டினப் பரப்பின் வரைபடத்தையும் வையுங்கள்.