ஜெர்மனியா, ஜப்பானா, ஜலந்தரா: கைக்கருவி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: சூலூரில் வீட்டை ஒட்டி ஒரு சிறிய பட்டறை போட்டிருக்கிறேன். பைக் வேலை, கொஞ்சம் மர வேலை, வீட்டு ஒயரிங் எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். சமீபத்தில் சேர்ந்தவை நான்கு: டபாரியா 8 இன்ச் கட்டிங் பிளேயர், ஆன்லைனில் வாங்கிய 46 பீஸ் சாக்கெட் செட் (பெட்டி மேல் ‘ஜெர்மன் டெக்னாலஜி’ என்று போட்டிருக்கிறது), மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த க்னிபெக்ஸ் கோப்ரா (வாய் அகலத்தை மாற்றிக்கொள்ளும் ஜெர்மன் பைப் பிளேயர்), ஒரு ஜப்பான் இழுப்பு ரம்பம். பிளேயர் பரவாயில்லை. சாக்கெட் செட்டில் ரேட்செட் நழுவ ஆரம்பித்துவிட்டது. கோப்ரா அபாரம். ரம்பத்தால் பழைய தேக்கு ஜன்னல் சட்டத்தை அறுத்தேன், நாலைந்து பல் போய்விட்டது. அடுத்து ஸ்பேனர் செட்டும் ஸ்க்ரூடிரைவரும் வாங்க வேண்டும். எந்த நாட்டுச் சாமானை நம்பி வாங்கலாம்?

பதில்: நாட்டின் பெயரைக் கடைசியில் பாருங்கள். ஒரு கருவியில் உண்மையில் வேலை செய்யும் இடம் எது என்பதை முதலில் பாருங்கள். பிளேயரில் அது வெட்டும் விளிம்பு. ஸ்க்ரூடிரைவரில் கடைசி அரை சென்டிமீட்டர். ரேட்செட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் பல்சக்கரமும் அதைத் தடுக்கும் கொக்கியும். அந்த இடத்தில் எஃகும் பதமும் சரியாக இருந்தால் எந்த நாட்டில் செய்தாலும் சாமான் உழைக்கும். காசு போட வேண்டியதும் அங்கேதான். சுத்தியல், பைப் ரிஞ்ச், சி-கிளாம்ப் மாதிரிச் சாமானுக்கு வெளிநாட்டு விலை கொடுப்பது வீண்.

முதலில் அந்த ‘ஜெர்மன் டெக்னாலஜி’யை முடித்துவிடுவோம். அந்த வாசகம் எங்கே செய்தது என்று சொல்லவே இல்லை. இந்தியாவில் விற்கும் பொட்டலச் சாமான்களுக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, தயாரித்த நாடு எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும்போது பொருளின் பக்கத்திலும் அந்த நாட்டைக் காட்ட வேண்டும். முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைப் படியுங்கள்.

ஜெர்மனி முத்திரைக்கே ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1887இல் பிரிட்டன் ஒரு வணிக முத்திரைச் சட்டம் போட்டது. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்த மலிவான கத்திகள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளைப் போலவே முத்திரை குத்திக்கொண்டு விற்றதுதான் அதற்கு ஒரு முக்கியமான காரணம். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்று கட்டாயமாக்கிய ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற எச்சரிக்கைச் சீட்டு, சில பத்தாண்டுகளில் தரத்துக்கு அடையாளமாகிவிட்டது. போருக்குப் பிந்தைய ஜப்பான் சாமானும், பிறகு தைவான் சாமானும் இதே பாதையில்தான் மேலே வந்தன. நாட்டின் பெயர் நிலையான அளவுகோல் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இன்றைக்கு பிராண்டின் ஊரும் தொழிற்சாலையின் ஊரும் வேறு வேறாகிவிட்டன. வேரா ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து நிறுவனம். அதன் ஸ்க்ரூடிரைவர்களில் செக் நாடு என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். இன்னொரு ஜெர்மன் நிறுவனமான வீஹாவுக்கு வியட்நாமிலும் தொழிற்சாலை இருக்கிறது. பாக்கோ ஸ்வீடன் பெயர், முதலாளி அமெரிக்காவின் ஸ்நாப்-ஆன், ஸ்க்ரூ ஸ்பேனர் பலதில் ஸ்பெயின் முத்திரை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிட் என்ற சிற்றூரில் பல தலைமுறையாகச் செய்துவந்த வைஸ்-கிரிப் 2008இல் சீனாவுக்குப் போனது. உங்கள் டபாரியாவும் ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1969இல் உற்பத்தியைத் தொடங்கியதுதான். இதில் எதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

சீனாவைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மிக நல்ல கருவியும் செய்கிறார்கள், படுமட்டமானதும் செய்கிறார்கள். ஆர்டர் கொடுப்பவர் என்ன விலை சொல்கிறாரோ அதற்கேற்ற சரக்கு வரும். உங்கள் 46 பீஸ் செட் மாதிரியானவை ‘எத்தனை பீஸ்’ என்ற கணக்குக்காகவே செய்யப்படுபவை. ‘குரோம் வனேடியம்’ என்று அடித்திருப்பதும் அதே கதைதான். அது எஃகின் வகையைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதைச் சூடாக்கித் தோய்த்து மறுபடி இளக்கிய பக்குவத்தைப் பற்றி அந்த எழுத்தில் ஒன்றும் இல்லை.

ரேட்செட் ஏன் நழுவுகிறது? தலையின் பின்பக்கத் தட்டைக் கழற்றினால் ஒரு பல்சக்கரம், அதில் வந்து விழும் ஒரு சின்னக் கொக்கி, அதைத் தள்ளும் ஒரு ஸ்பிரிங், இவ்வளவுதான் இருக்கும். மலிவான செட்டில் கொக்கியின் விளிம்பு மென்மையாக இருப்பதால் சுமை ஏறியதும் மழுங்கிவிடும். கழற்றிப் பாருங்கள். வெறும் கிரீஸ் காய்ந்து கொக்கி ஒட்டிக்கொண்டிருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி லேசாக எண்ணெய் விட்டாலே போதும். விளிம்பு உருண்டிருந்தால் அந்த ரேட்செட்டை நம்பாதீர்கள். முழு பலத்தோடு இழுக்கும்போது நழுவினால் விரல் முட்டி போய் இன்ஜின் ஃபின்னில்தான் இடிக்கும்.

ஆனால் செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். சாக்கெட்டுகள் சின்ன போல்ட்டுகளுக்கு இன்னும் உழைக்கும். ரேட்செட்டை மட்டும் தனியாக நல்லதாக வாங்குங்கள். இந்த ஒரு சாமானில் நான் தைவானுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தைச்சுங் நகரைச் சுற்றியுள்ள பட்டறைகள் பல நாட்டு பிராண்டுகளுக்கு ரேட்செட் செய்து கொடுத்துக் கைதேர்ந்தவை. வாங்கும்போது பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு கிளிக்குக்கும் கைப்பிடியை 15 டிகிரி ஆட்ட வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். பெட்ரோல் டேங்குக்கு அடியில் கை நுழையாத இடத்தில் அந்த வித்தியாசம் தெரியும். இன்னொன்று, உங்கள் செட் பெரும்பாலும் கால் இன்ச் டிரைவாக இருக்கும், அதாவது சாக்கெட்டை மாட்டும் சதுர முனை கால் இன்ச். 10 மி.மீ., 12 மி.மீ. தலை போல்ட்டு வரைதான் அதன் எல்லை. சக்கர ஆக்சில் நட்டுக்கு அரை இன்ச் டிரைவில் நீளக் கைப்பிடியோடு தனியாக ஒன்று வேண்டும். கால் இன்ச் ரேட்செட்டில் பைப்பைச் செருகி இழுத்தால் ஜெர்மன் சாமானும் போய்விடும்.

கோப்ரா அபாரம் என்கிறீர்கள், உண்மைதான். 1882 முதல் பிளேயர் செய்துவரும் நிறுவனம் அது. ஆனால் அபாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாடைப் பற்களைத் தனியாக, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 61 வரை கடினப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல அரம் 64ஐ ஒட்டி இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கடினம் என்று புரியும். பற்கள் திருப்பும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருப்பதால் பைப்பில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் தானே இறுகிக்கொள்கிறது. பட்டனை அமுக்கி அளவை மாற்றியபின் நகராமல் நிற்கிறது. கொடுத்த பணம் இந்த மூன்றுக்கும்தான். இதே நிறுவனத்தின் சாதாரண கட்டிங் பிளேயர் உங்களுக்குத் தேவையா என்றால், இல்லை என்பேன். கம்பி வளைக்க, முறுக்க, செப்புக் கம்பி வெட்ட டபாரியாவே போதும். தினமும் கடினமான ஸ்பிரிங் கம்பி வெட்டுகிறவர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

நம் ஊர் பிளேயரில் ஒரு தொல்லை உண்டு. ஒரே மாடலில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். அதனால் கடையில் இரண்டு மூன்றை எடுத்துவைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மூடிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்டுங்கள். வெட்டும் விளிம்பின் வழியே வெளிச்சக் கோடு தெரிந்தால் வேண்டாம். திறந்து பிடித்துக் கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்; நடு ஆணியில் ஆட்டம் இருக்கக் கூடாது, அதே சமயம் ஒரே கையால் திறக்கவும் வர வேண்டும். ஒயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி விளிம்பின் நுனியில் வைத்து வெட்டுங்கள். துண்டாக விழ வேண்டும்; மடங்கித் தொங்கினால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ஒயரிங் வேலையும் செய்வதாக எழுதியிருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே ஒரு பிளேயர் மின்சார வேலைக்கு ஆகிவிடாது. உங்கள் கோப்ராவும் சாதாரண உறை போட்டதாகத்தான் இருக்கும். அது பிடிப்புக்காகப் போட்டது. மின்காப்புக் கருவி என்றால் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் கருவி மேலேயே இருக்கும். ஐ.இ.சி. 60900 என்ற தரவிதிப்படி செய்தவை அவை. 1000 வோல்ட்டுக்கு அனுமதிப்பதற்கு முன் 10,000 வோல்ட்டில் சோதிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் விலையில் சமரசம் வேண்டாம், குறியில்லாத ‘இன்சுலேட்டட்’ சாமானும் வேண்டாம். குறியுள்ளது கையில் இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ரம்பத்தில் தவறு ஜப்பானுடையது இல்லை. இழுப்பு ரம்பத்தின் தகடு அரை மில்லிமீட்டரை ஒட்டிய மெலிவு. இழுக்கும்போது விறைத்துக்கொள்வதால்தான் அவ்வளவு மெலிவாகச் செய்ய முடிகிறது. மாற்றுத் தகடு போடும் வகையில் பல் நுனிகளை மட்டும் மின்சூட்டில் கடினப்படுத்தியிருப்பார்கள். நெடுநாள் கூர்மையாக இருக்கும், ஆனால் கண்ணாடி போல முறியும். தேக்கிலோ சிலிக்கா இருக்கிறது, எந்தப் பல்லையும் அது சீக்கிரம் தேய்த்துவிடும். பல் முறிந்ததற்குப் பெரும்பாலும் சட்டத்துக்குள் புதைந்திருந்த ஆணிதான் காரணமாக இருக்கும். இந்த வகையை அரம் போட்டுக் கூராக்க முடியாது, தகட்டைத்தான் மாற்ற வேண்டும். புது மரத்தில் பொருத்து வெட்ட ஜப்பான் ரம்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்துக்கு நம் ஆசாரிகள் வைத்திருக்கும் சாதாரணக் கைரம்பம் போதும். மழுங்கினால் முக்கோண அரத்தால் தீட்டிக்கொள்ளலாம், ஆணி பட்டாலும் மனசு பதறாது.

ஸ்பேனர் செட்டுக்கு இந்தியச் சாமானே வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவி செய்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யும் ஊர்கள். ஸ்பேனரின் பதம் ராக்வெல்லில் 40களில் இருந்தால் போதும். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அளவு துல்லியம்தான் முக்கியம். கடைக்குப் போகும்போது தேயாத 10, 12, 14, 17 மி.மீ. நட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். வாய் திறந்த ஸ்பேனரை விட ரிங் ஸ்பேனருக்கு முன்னுரிமை கொடுங்கள். நட்டின் எல்லா மூலையையும் பிடிப்பதால் மூலை உருளாது.

கோவைப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் மில் சாமான்களோடு பழைய இங்கிலாந்து ஸ்பேனர்கள் கண்ணில் படலாம். எஃகு அருமையாக இருக்கும், ஆசையும் வரும். ஆனால் அவை பலவும் லங்காஷயர் பஞ்சாலை இயந்திரங்களுக்கான விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவு. மேலே அடித்திருக்கும் எண் போல்ட்டுத் தண்டின் விட்டம், வாயின் அகலம் அல்ல. கால் இன்ச் விட்வர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. வரும். 13 மி.மீ. நட்டில் கிட்டத்தட்டப் பொருந்துவது போலவே இருக்கும், அழுத்தி இழுத்ததும் மூலையை உருட்டிவிடும். சுவரில் மாட்டி அழகு பார்க்க வாங்குவதானால் சரி.

மிச்சமாகும் காசை ஸ்க்ரூடிரைவரில் போடுங்கள். நம் சாலைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பகுதி ஜப்பான் வடிவமைப்பு வழி வந்தவை. அவற்றின் நட்சத்திர ஸ்க்ரூ பலதும் ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். வகை, சிலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். பார்க்க பிலிப்ஸ் ஸ்க்ரூ மாதிரியேதான் தெரியும். ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழு ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே நிற்கும், அழுத்தித் திருகினால் ஏறி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். கார்புரேட்டர் கிண்ணத்திலும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மூடியிலும் தலை அழிந்த ஸ்க்ரூக்களை எத்தனை பைக்கில் பார்த்திருப்பீர்கள்! பெரும்பாலும் மெக்கானிக்கின் கை பலத்தைக் குறை சொல்வார்கள், குற்றவாளி முனைதான். ஒசாகாவின் வெசல் நிறுவனம் செய்யும் 2ஆம் எண் நட்சத்திர முனையும், சின்ன ஸ்க்ரூக்களுக்கு 1ஆம் எண்ணும் வாங்குங்கள். ஜெர்மன் முனைகள் வீட்டு ஸ்க்ரூக்களுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் மிக நல்லவை. பைக்கில் மட்டும் ஜப்பானுக்கு விட்டுக்கொடுங்கள்.

புது டிரைவர் வந்ததும் மாஸ்டர் சிலிண்டர் மூடி ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள். திருகாமல் லேசாக அழுத்திப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் ஊசியால் ஸ்க்ரூத் தலைக்குள் அடைந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு இன்னொரு தடவை வையுங்கள். அப்படியும் ஆடினால் முந்தைய ஆள் ஏற்கெனவே தலையைக் கெடுத்துவைத்திருக்கிறார். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிய கையோடு புதிதாக மாற்றிவிடுங்கள்.